இயந்திரத்தின் மூச்சு

ஆண்டு விழா மலர் என்றால் அதில் இலக்கியக் கட்டுரை இரண்டு, கோயில் வரலாறு ஒன்று, மகளிர்க்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று என அமைவது மரபு. அவற்றின் நடுவே டீசல் எஞ்சினைப் பற்றி எழுதப் புகும் என்னை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆயினும் ஒன்று கூறுவேன். இத்திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் டீசல் எஞ்சினுக்குக் கடன்படாத குடும்பம் ஒன்றும் இராது. நாகர்கோவிலுக்குப் பெண் பார்க்கச் சென்றதும், செங்கோட்டை வழியாக மலை தாண்டித் தீபாவளிக்கு ஊர் சேர்ந்ததும், சாலைக் கடைத்தெருவிற்குத் தோவாளைப் பூக்கூடைகள் வாடாமல் வந்து இறங்கியதும் அதன் உழைப்பால் அன்றோ? அவ்வளவு உழைத்த ஒன்று எப்படி மூச்சு விட்டது, அம்மூச்சு எப்படிப் பெருக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் நகரத்தின் டீசல் வரலாறு ஒரு நன்னாளில் தொடங்குகிறது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. இலண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதற்கு முந்திய ஆண்டிலேயே போக்குவரத்துக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து காமர் கம்பெனியின் 60 சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. மேற்கூடுகளை நம் நாட்டுத் தொழிலாளரே கட்டினர். முதல் வண்டியில் மன்னர் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு சால்ட்டரே ஓட்டிச் சென்றார் என்பதும், வண்டிகள் வரிசையாகக் கவடியார் வரை சென்றன என்பதும் பலரும் அறிந்த செய்தி. மறுநாள், அஃதாவது பிப்ரவரி 21-ஆம் நாள், பொதுமக்களுக்கான ஓட்டம் தொடங்கிற்று. தொடங்கிய தடம் எது தெரியுமா? திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி! கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956-ஆம் ஆண்டிற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே தமிழ் வழங்கும் நிலத்தை நோக்கித்தான் இந்நகரின் முதல் அரசு பஸ் புறப்பட்டது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. இவ்வழியில் இருப்புப்பாதை 1979-இல் தான் வந்தது. ஆதலின் நாற்பது ஆண்டுக் காலம் தெற்கே செல்வோர்க்குப் பஸ்ஸே கதி.

அந்தப் பெர்க்கின்ஸ் எஞ்சின்கள் தம் மூச்சைத் தாமே இழுத்தவை. இதனைச் சற்று விளக்க வேண்டும்.

டீசல் எஞ்சினின் சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதனுள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. பிஸ்டன் முதன்முறை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அது மேலேறும்போது காற்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடத்திற்குள் அமுக்கப்படுகிறது. சைக்கிள் பம்பில் காற்றடிக்கும்போது அதன் அடி சுடுவதை நாம் அறிவோம். இங்கோ அச்சூடு 500 பாகைக்கு மேற்செல்லும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தீக்குச்சியோ மின்பொறியோ இன்றித் தானே பற்றிக்கொள்ளும். அவ்வெரிப்பின் வீறு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, சக்கரம் சுழல்கிறது. பிஸ்டன் மறுபடி ஏறும்போது எரிந்த புகை வெளியேறுகிறது. இந்நான்கு அடிகளும் முடிந்தபின் மீண்டும் முதலடி.

இனி நம் கேள்விக்கு வருவோம். இதே எஞ்சினிடம் இன்னும் கூடுதலான வேலை வாங்க வேண்டுமானால் என்ன செய்வது? எண்ணெயைக் கூடுதலாகத் தூவினால் போதாதோ எனத் தோன்றும். போதாது. ஒரு லிட்டர் டீசல் முற்றும் எரியப் பத்துக் கன மீட்டர்க் காற்று வேண்டும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உடைய ஓர் அறையின் காற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒரு லிட்டர் எண்ணெய் விழுங்கிவிடும். நடைமுறையில் இதற்கும் மேலே வேண்டியிருக்கும். காற்று குறைந்தால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரியாகிப் புகைப்போக்கி வழியே வெளியேறும். அதுவே கரும்புகை. ஆகவே எஞ்சினின் வலிமைக்கு எல்லை வகுப்பது எண்ணெய்த் தொட்டி அன்று. சிலிண்டரில் எவ்வளவு காற்றை அடைக்க முடியும் என்பதே. இதனை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கொல்லன் உலையில் கரி எவ்வளவு கொட்டினாலும் துருத்தி ஊதாவிட்டால் இரும்பு இளகாது. துருத்தியைச் சங்கப் புலவரும் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றனர். உலைக்குத் துருத்தி எப்படியோ, எஞ்சினுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் வித்து.

அவ்வித்து மிகப் பழையது. ஜெர்மானியராகிய காட்லீப் டைம்லர் 1885-லேயே காற்றை முன்கூட்டி அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் முறையை எண்ணிப் பார்த்தார். ருடால்ஃப் டீசலும் 1896-இல் அதனைச் சோதித்தார். அவர் தம் எஞ்சினையே 1897-இல் தான் செம்மையாக ஓட்டிக் காட்டினார் என்பதை நினைத்தால், குழந்தை நடக்கத் தொடங்கும் முன்னரே அதற்குக் குதிரை தேடியது போலத் தோன்றும்.

துருத்தியாகப் பயன்படக்கூடிய கருவியும் முன்னரே இருந்தது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்னும் ஊரில் ரூட்ஸ் எனப்படும் உடன்பிறந்தார் இருவர், பிலாண்டர், பிரான்சிஸ் என்போர், 1860-இல் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றனர். இரும்பு உருக்கும் உலைகளுக்காகவே அது அமைந்தது. ஒரு கூட்டினுள் எட்டு என்னும் எண்ணின் வடிவான இரு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல், ஆயினும் இடைவெளியும் விடாமல் எதிரெதிராகச் சுழலும். அவற்றின் இடுப்புப் பள்ளத்தில் சிக்கும் காற்று இப்புறமிருந்து அப்புறம் தள்ளப்படும். இதனையே புளோயர் என்கிறோம். எஞ்சினின் தண்டிலிருந்து பற்சக்கரத்தாலோ பட்டையாலோ இதனைச் சுழற்றிக் காற்றை அழுத்தத்தோடு சிலிண்டருக்குள் திணித்தால் அது சூப்பர்சார்ஜர் என்னும் பெயர் பெறுகிறது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடலாகாது. இரண்டடி எஞ்சின் என ஒரு வகை உண்டு. அதில் காற்றை இழுப்பதற்கெனத் தனி அடி இல்லை. பிஸ்டன் கீழிறங்கியிருக்கும் நொடிப்பொழுதில் பழம்புகையைத் தள்ளிப் புதுக்காற்றை நிரப்பியாக வேண்டும். அதற்குப் புளோயர் உயிர்நாடி. அஃதின்றேல் எஞ்சின் ஓடவே ஓடாது. நான்கடி எஞ்சினுக்கோ சூப்பர்சார்ஜர் என்பது வலுவூட்டும் மருந்து. இல்லாவிடினும் ஓடும், ஆனால் மெலிந்து ஓடும். இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பட்டறைகளிலேயே வாதிடுவோர் உளர்.

நம் பஸ்களைச் செய்த காமர் கம்பெனியே 1954-இல் இத்தகைய இரண்டடி எஞ்சின் ஒன்றை லாரிகளில் வைத்தது. டி.எஸ். 3 என்பது அதன் பெயர். சிலிண்டர் மூன்று, பிஸ்டனோ ஆறு. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து முட்டாமல் விலகும். அதற்கு மூச்சு ஊட்டியது ரூட்ஸ் புளோயர். வேடிக்கை என்னவென்றால், காமர் கம்பெனியின் உரிமையாளர்க்கும் ரூட்ஸ் என்றே பெயர். அவர்கள் இங்கிலாந்தினர், எழுத்தில் ஓரெழுத்துக் கூடுதல். உறவு ஏதும் இல்லை. ரூட்ஸ் எஞ்சினில் ரூட்ஸ் புளோயர் என்று கேட்டுக் குழம்பியவர் எத்தனை பேரோ!

புளோயரால் ஒரு குறை உண்டு. அதனைச் சுழற்றும் வலிமையை எஞ்சினே தர வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கை அவ்வருமானத்தைத் தேடித் தந்த தரகனுக்கே கொடுப்பது போன்றது அது. இக்குறையைக் கண்டு மாற்று வழி தேடியவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் பூக்கி என்னும் பொறியாளர். அவர் கண்டது மிக எளிய உண்மை. எண்ணெயில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே வீணாகப் போகிறது. அந்தச் சூடான புகை வேகமாகப் பாய்கிறது. அதன் வழியில் ஒரு காற்றாடியை வைத்தால் அது சுழலும். அக்காற்றாடியின் தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால் அது புதுக்காற்றை அள்ளி அமுக்கும். புகையால் சுழலும் சக்கரம் டர்பைன். காற்றை அமுக்கும் சக்கரம் கம்ப்ரஸர். இரண்டும் ஒரே தண்டில் அமைந்த கருவியே டர்போசார்ஜர். போகும் மூச்சைக் கொண்டே வரும் மூச்சைப் பெருக்கும் வித்தை இது. இதற்கு அவர் காப்புரிமை வேண்டியது 1905-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள்.

"புகை இலவசம், ஆகவே வலிமையும் இலவசம்" என்று விளம்பரங்களில் எழுதுகின்றனர். அது முழு உண்மை ஆகாது. டர்பைன் குறுக்கே நிற்பதால் புகை வெளியேறுவது சற்றுத் தடைப்படும். பிஸ்டன் அத்தடையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஆயினும் புளோயர் கேட்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது சிறு கூலிதான்.

எண்ணம் தோன்றியது 1905-இல். அது கைகூட இருபது ஆண்டுகள் ஆயின. காரணம் உலோகம். டர்பைன் சக்கரம் செந்நிறமாகப் பழுக்கும் சூட்டில் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல வேண்டும். அதே தண்டின் மறுமுனையோ ஒரு சாண் தொலைவில் குளிர்ந்த காற்றில் இருக்கும். இடையே உள்ள தாங்கி இரண்டையும் தாங்க வேண்டும். அத்தகைய எஃகு அன்று இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆகாய விமானங்களுக்காக முயற்சி விரைந்தது. உயரே செல்லச் செல்லக் காற்று நொய்ந்து எஞ்சின் சோர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்கு, பதினாலாயிரம் அடி உயரத்திற்கு, ஏற்றி டர்போசார்ஜருடன் ஓட்டினார். கடல் மட்டத்தில் அதற்கிருந்த 350 குதிரைச் சக்தி அவ்வுயரத்திலும் குறையாமல் கிடைத்தது. பூக்கியோ மனந்தளராமல் உழைத்து, 1925-இல் நாற்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட வலிமைப் பெருக்கத்தை எய்தினார். அடுத்த ஆண்டில் பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு ஜெர்மன் பயணிக் கப்பல்களின் எஞ்சின்கள் அவர் முறைப்படி அமைக்கப்பட்டன. பத்துச் சிலிண்டர் கொண்ட எஞ்சின் 1,750 குதிரைச் சக்தியிலிருந்து 2,500-க்கு உயர்ந்தது. கப்பல்களில் அது வேரூன்றிவிட்டது.

இப்போது மறுபடியும் 1938-க்குத் திரும்புவோம். அவ்வாண்டு உண்மையிலேயே வியப்புக்குரியது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சௌரர் கம்பெனி லாரிக்கான முதல் டர்போசார்ஜர் எஞ்சினைச் செய்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ரூட்ஸ் புளோயர் பொருத்திய 71 வரிசை இரண்டடி டீசல்களை வெளியிட்டது. அதே ஆண்டில் நம் நகரத் தெருக்களில் காமர் பஸ்கள் ஓடத் தொடங்கின. தானே இழுக்கும் மூச்சு, ஊதித் திணிக்கும் மூச்சு, புகையால் பெருக்கும் மூச்சு என மூன்று முறைகளும் ஒரே ஆண்டில் உலகின் மூன்று மூலைகளில் தெருவுக்கு வந்தன.

திருவிதாங்கூர் அரசு எளியதைத் தேர்ந்தது பிழையா? நான் அப்படிக் கருதவில்லை. பெர்க்கின்ஸ் கம்பெனி 1932-இல் தான் பீட்டர்பரோ நகரில் தோன்றியது. விரைந்து சுழலும் சிறு டீசலை வண்டிகளுக்கு ஏற்பச் செய்வதே அப்போது பெரும் புதுமை. அன்றைய டர்போசார்ஜரோ விலையிலும் மிகுதி, பழுதிலும் மிகுதி. நூறு கெஜத்திற்கு ஒருமுறை நின்று ஆளேற்றும் நகர் பஸ்ஸில் புகை பாய்ந்து டர்பைன் வேகம் பிடிக்கும் முன்னரே அடுத்த நிறுத்தம் வந்துவிடும். முதன்முறையாக டீசலைக் கையாளக் கற்றுக்கொண்டிருந்த நம் பட்டறைத் தொழிலாளர்க்கு, கழற்றி மாட்டினால் ஓடக்கூடிய எஞ்சினே தக்கது. அவர்கள் அதிலே கைதேர்ந்தனர். அந்தக் கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 1965-இல் போக்குவரத்துக் கழகம் தனியமைப்பாகப் பிரிந்த பின்னரும், சென்னை எண்ணூரின் லேலண்டும் டாட்டா வண்டியும் இங்கே ஓடத் தொடங்கிய பின்னரும், நெடுங்காலம் எஞ்சின்கள் தம் மூச்சைத் தாமே இழுத்தவாறே இருந்தன.

அதன் விலையை நாம் பொன்முடிச் சாலையில் கண்டோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. எண்ணெய்ப் பம்போ கீழே தூவிய அளவையே மேலேயும் தூவும். எஞ்சின் இளைக்கும், டிரைவர் மிதியை மேலும் அழுத்துவார், பின்னால் கரும்புகை திரளும். பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற குழந்தைகளுக்குக் குமட்டியதற்கு வளைவுகள் மட்டும் காரணம் அல்ல.

டர்போசார்ஜர் நம் நகருக்குப் பெருமளவில் வந்தது தெருவழியாக அன்று, இருப்புப்பாதை வழியாக. 1976-இல் எர்ணாகுளம் தொடங்கித் திருவனந்தபுரம் வரை அகலப்பாதை அமைந்தது. அதன் மீது தம்பானூருக்கு வந்த டபிள்யூ.டி.எம். 2 என்னும் எஞ்சினை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வகுத்த வடிவம் அது. முதற்கண் அங்கிருந்து வந்தது; பின்னர் 1964 முதல் வாரணாசியில் நம்மவரே செய்தனர். ஆல்கோ 1969-இல் ரயில் எஞ்சின் தொழிலையே விட்டுவிட்டது. அதன் எஞ்சினோ இந்தியாவில் வழிவழியாகப் பெருகியது.

அதன் கணக்கைச் சற்றுப் பார்த்தால் மூச்சின் அருமை விளங்கும். சிலிண்டர் 16; ஒவ்வொன்றின் குறுக்களவு ஒன்பது அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் பத்தரை அங்குலம். பதினாறிலும் சேர்த்து ஒரு முறைக்கு 175 லிட்டர்க் காற்று கொள்ளும். எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 500 முறை மூச்சிழுக்கும். அப்படியானால் தானாக இழுக்கும் காற்று மட்டுமே நிமிடத்திற்கு ஏறத்தாழ 87 கன மீட்டர்; முன்சொன்ன பத்தடி அறைகள் மூன்று! அவ்வளவு இழுத்தாலும் 2,600 குதிரைச் சக்திக்கு அது போதாது. ஒரு பெரிய டர்போசார்ஜர் காற்றை அமுக்கி நெருக்கித் தந்தபடியால்தான் அவ்வெஞ்சின் பாரம் இழுத்தது. பிற்காலத்தில் அதே பதினாறு சிலிண்டரைக் கொண்டே 3,100 குதிரைச் சக்தி பெற்றனர், அது டபிள்யூ.டி.எம். 3ஏ. சிறந்த டர்போசார்ஜர், பெரிய குளிர்விப்பான், சில உள்ளுறுப்புகளின் மாற்றம் ஆகியவற்றால் ஐந்நூறு குதிரைகள் கூடின.

குளிர்விப்பான் எதற்கு? காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால் அது 120 பாகைக்கு மேல் சூடாகும். சூடான காற்று விரியும். விரிந்த காற்றைச் சிலிண்டரில் அடைப்பது, வெந்து உப்பிய சோற்றை அரிசி அளந்த படியிலேயே அளப்பது போன்றது. படி நிறையும், அரிசியோ குறைவு. ஆகவே டர்போசார்ஜருக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றை நீராலோ வெளிக்காற்றாலோ குளிரச் செய்கின்றனர். நம் ஊர் வெயிலுக்கு இது மிகவும் வேண்டுவது.

அவ்வளவு சிறந்த எஞ்சினும் ஒரு தீரா வழக்கைத் தாய்மாரிடம் சம்பாதித்துக்கொண்டது. இருப்புப்பாதை ஓரம் குடியிருந்தோர் வண்டி புறப்படும் நேரம் அறிந்து கொடியிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுத்துவிடுவர். டிரைவர் கைப்பிடியை ஒவ்வொரு படியாக உயர்த்தும்போது, எஞ்சின் முகட்டிலிருந்து கரும்புகை தூண் போல் எழும். சில கணம் கழித்துத் தானே தெளியும். இஃது ஏன்? எண்ணெய் உடனே கூடிவிடுகிறது. காற்றோ டர்போசார்ஜரைப் பொறுத்தது. டர்போசார்ஜர் புகையைப் பொறுத்தது. புகையோ எண்ணெய் எரிந்த பின்னரே பெருகுவது. கனமான சக்கரம் விசை பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் எண்ணெய் மிகுதி, காற்று குறைவு. சக்கரம் வேகம் பெற்றதும் புகை மறையும். புளோயருக்கு இத்தாமதம் இல்லை. எஞ்சின் சுற்றியவுடன் அதுவும் சுற்றும். கூலி மிகுதியாயினும் அழைத்தவுடன் வரும் ஆள் அது. பின்னாளில் காற்றழுத்தம் உயரும்வரை எண்ணெயைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் சேர்க்கப்பட்டன, புகை தணிந்தது. பிறகு மின்பாதையே வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளாகப் பாதையோரத்துக் குடும்பங்கள் சுவாசித்த அந்தக் கரியை எந்தக் கணக்கிலும் எழுதியவர் இல்லை. ரயில் எத்தனை டன் இழுத்தது என்பதற்கு மட்டும் ஏடு இருந்தது.

மலைவழிப் பாதைக்கு ஒரு சொல். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர்ப் பாதை 1904-இல் நிறைவுற்றது. ஆரியங்காவு மலையில் நீராவி எஞ்சின்கள் பெருமூச்செறிந்து ஏறியதை நம் முதியோர் இன்றும் சொல்வர். அவற்றின் இடத்தில் ஆல்கோவின் ஆறு சிலிண்டர் டீசல், ஒய்.டி.எம். 4, வந்தது. அதுவும் டர்போசார்ஜர் உடையதே. முன்னே ஒன்று இழுக்கப் பின்னே ஒன்று தள்ள, சுரங்கங்களில் புகுந்து பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து அவை நம்மை ஊர் சேர்த்தன. 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக மலைப்பகுதி மூடப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலான எட்டு ஆண்டுகள் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து உறவினர் உள்ளோர்க்கு எவ்வளவு துன்பம் தந்தன என்பதை நம் காலனியிற் பல வீடுகள் அறியும்.

பஸ்களுக்கும் லாரிகளுக்கும் டர்போசார்ஜர் வந்தது பின்னரே. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது மேலை நாடுகள் அதனை நாடின. 1980களில் சென்னையை அடுத்து ஜெர்மன் கூட்டுறவோடு டர்போசார்ஜர் செய்யும் தொழிற்சாலை எழுந்தது தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆயினும் இந்தியத் தெருக்களில் அதனைக் கட்டாயமாக்கியது வலிமை வேட்கை அன்று, புகைக் கட்டுப்பாடே. 2000-க்குப் பின் பாரத் விதிகள் படிப்படியாக இறுகின. 2017-இல் நான்காம் நிலை நாடெங்கும் வந்தது, 2020-இல் ஐந்தாம் நிலையைத் தாண்டி ஆறாம் நிலையே வந்தது. போதிய காற்றின்றி அவ்விதிகளை நிறைவேற்ற இயலாது. முப்பதாண்டு முன் புகைக்குப் பெயர் போன கருவியே இன்று புகையைக் குறைக்கும் கருவியாயிற்று. அது சிறுத்துவிட்டது, உள்ளங்கையில் அடங்கும் சக்கரம் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, சிறுத்ததால் விரைவில் வேகம் பிடிக்கிறது.

ஆனால் அதற்கென ஓர் ஒழுக்கம் உண்டு. அதனை நான் அறிந்தது ஏட்டில் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்ப நிகழ்ச்சிக்காக வாடகை வேன் ஒன்றில் தெற்கே சென்றோம். வழி முழுதும் விரைந்து ஓட்டிய இளைஞர், தேநீர்க் கடை கண்டவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். மூன்றாம் முறை கிளப்பியபோது நீலப்புகை சூழ்ந்தது, கீச்சொலி எழுந்தது, வண்டி வலுவிழந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் மூன்று மணி நேரம் சாலையோரம் நின்றோம். ஊரெல்லாம் அவ்வளவு காற்று வீச, நம் வண்டிக்கு மட்டும் காற்றில்லை!

மறு ஆண்டு நம் காலனியார் பொன்முடிக்கு இன்பச் சுற்றுலா சென்றபோது வந்த டிரைவர் வேறு வகையினர். மார்த்தாண்டத்துக்காரர், நரைத்த தலை. இருபத்திரண்டு வளைவும் ஏறி உச்சியில் வண்டியை நிறுத்தினார், அனைவரும் இறங்கினர், எஞ்சின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. எம்முள் மூத்த அம்மையார் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "தம்பி, வண்டிதான் நின்றுவிட்டதே. எண்ணெயை ஏன் வீணாக்குகிறாய்?" என்று கேட்டார்.

"வீணாக்கவில்லை, அம்மா. டர்போ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் தண்டு எண்ணெய் மேல்தான் மிதக்கிறது. இப்போது எஞ்சினை நிறுத்தினால் எண்ணெயும் நின்றுவிடும். சூட்டில் மிச்ச எண்ணெய் கருகித் தாங்கியைத் தின்றுவிடும். மலையேறி வந்த ஆளை உடனே படு என்றால் படுப்பானா? இரண்டு நிமிடம் மூச்சு வாங்கட்டும்" என்றார் அவர்.

அம்மையார் தலையசைத்துவிட்டுக் கையிலிருந்த தூக்குப் பாத்திரத்தைத் திறந்து முதல் தம்ளர் மோரை அவருக்கு ஊற்றினார். அவர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் கைநீட்டிச் சாவியைத் திருப்பினார்.